கம்பைலர் தரும் வாக்கு: தரநிலையைப் பின்பற்றுகிறேன் என்று அது சொல்வது எப்படி?

லினக்ஸ் கணினியில் ஜிசிசி என்ற கம்பைலர் (நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) இருந்தால், ஒரே ஒரு வரி கொண்ட இந்த சி நிரலை அதனிடம் கொடுத்து, கம்பைல் மட்டும் செய்யச் சொல்லிப் பாருங்கள்:

இன்ட் லினக்ஸ் = 3;

(நிரல் வரிகளையும் பெயர்களையும் இந்தக் கட்டுரை முழுவதும் தமிழ் எழுத்தில் ஒலிபெயர்த்தே தருகிறேன். கணினியில் அடிக்கும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடித்துக்கொள்ளுங்கள். மேலே உள்ள வரி முழுவதும் சிறிய எழுத்துகளில் இருக்க வேண்டும்.)

'லினக்ஸ்' என்ற பெயரில் ஒரு முழு எண் மாறி, அவ்வளவுதான். சி மொழியின் எந்த விதியையும் இது மீறவில்லை. ஆனாலும் கம்பைலர் ஏற்காது. எண்ணுக்கு முன்னால் ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும் என்ற பொருளில் ஒரு பிழைச்செய்தி வரும். லினக்ஸில்தான் வேலை செய்கிறோம் என்பதை நிரல்களுக்குத் தெரிவிப்பதற்காக, ஜிசிசி தன் வழக்கமான நிலையில் 'லினக்ஸ்' என்ற பெயரை 1 என்ற எண்ணாக முன்கூட்டியே வரையறுத்து வைத்திருக்கிறது. நாம் எழுதிய வரி உள்ளே போனதும் 'இன்ட் 1 = 3;' என்று மாறிவிடுகிறது. எண்ணுக்கு யார் மதிப்புக் கொடுக்க முடியும்?

இப்போது அதே கோப்பை '-எஸ்டிடி=சி17' என்ற ஆப்ஷனோடு கொடுங்கள். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

இதில் ஒரு செய்தி இருக்கிறது. இரண்டு முறையும், 'நீ சி மொழியின் தரநிலைக்கு இணங்கிய கம்பைலரா?' என்று அந்த ஜிசிசியைக் கேட்டிருந்தால் 'ஆம்' என்றுதான் பதில் வந்திருக்கும். தரநிலைப்படி சரியான ஒரு வரியைத் திருப்பி அனுப்பிய போதும் ஆம், ஏற்றுக்கொண்ட போதும் ஆம். அப்படியென்றால் அந்த 'ஆம்' எதைக் குறிக்கிறது? கம்பைலரை அப்படிக் கேட்பது எப்படி, பதில் எந்த வடிவில் வரும், அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை சி மொழியை முதன்மையாக வைத்து இங்கே பார்ப்போம். சி பிளஸ்பிளஸும் அவ்வப்போது வரும்.

தரநிலை கம்பைலரிடம் எதைக் கேட்கிறது

சி மொழிக்கு முதல் தரநிலையை அமெரிக்கத் தர நிறுவனமான ஆன்சி 1989-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டே அது ஐஎஸ்ஓ என்ற உலகத் தர அமைப்பின் தரநிலையாகவும் ஆனது. அதனால் அதைச் சிலர் சி89 என்பார்கள், சிலர் சி90 என்பார்கள், மொழி ஒன்றுதான். பிறகு சி99, சி11, சி17, சி23 என்று திருத்தப்பட்ட பதிப்புகள் வந்தன. தரநிலை என்பது ஒரு மென்பொருள் அல்ல, ஓர் ஆவணம். எந்த வரி சரி, அது ஓடும்போது என்ன நடக்க வேண்டும், எது நிரல் எழுதுபவரின் பொறுப்பு, எது கம்பைலரின் பொறுப்பு என்று விதி விதியாக எழுதி வைத்திருக்கும் ஆவணம்.

அந்த ஆவணம் கம்பைலர் மீது சுமத்தும் கடமைகள் பலரும் நினைப்பதைவிடக் குறைவு. தரநிலையின் எல்லைக்குள் மட்டும் நின்று எழுதிய நிரலை ஏற்று, சொன்னபடி ஓட வைக்க வேண்டும். இலக்கண விதியையோ 'கட்டுப்பாடு' என்று ஆவணம் குறிப்பிடும் விதியையோ நிரல் மீறினால், குறைந்தது ஒரு செய்தியாவது சொல்ல வேண்டும். தான் முடிவு செய்துகொள்ளும்படி விடப்பட்ட இடங்களில் என்ன முடிவு செய்தது என்பதை எழுதி வெளியிட வேண்டும். இவற்றுக்கு மேல், கம்பைலர் தன் சொந்த வசதிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். சரியான நிரல் எதன் போக்கையும் அவை மாற்றக் கூடாது என்பது மட்டுமே நிபந்தனை. முதலில் பார்த்த 'லினக்ஸ்' வரி இந்த நிபந்தனையில்தான் அடிபட்டது.

செய்தி சொல்ல வேண்டும் என்றுதான் விதி இருக்கிறதே தவிர, கம்பைல் செய்ய மறுக்க வேண்டும் என்று இல்லை. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஒரு முழு எண் மாறிக்குள் நேரடியாக ஒரு சொற்றொடரை வைக்கிறோம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்:

இன்ட் எண் = "வணக்கம்";

இது தெளிவான விதிமீறல். ஆனால் ஜிசிசி 13 வரை இதற்கு ஓர் எச்சரிக்கையை மட்டும் காட்டிவிட்டு வேலையை முடித்துக் கொடுத்தது. 2024-இல் வந்த ஜிசிசி 14 இதே வரியைப் பிழை என்று நிறுத்துகிறது. தரநிலையின் பார்வையில் இரண்டுமே சரி, ஏனென்றால் இரண்டுமே வாய் திறந்து சொல்லிவிட்டன. எச்சரிக்கைகளைப் படிக்காமல் கடந்துபோகும் பழக்கம் ஏன் ஆபத்து என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. 'கம்பைல் ஆனது' என்பது வேறு, 'தரநிலைப்படி சரி' என்பது வேறு.

முதல் அடையாளம்: 1 என்ற எண்

நிரல் கம்பைல் ஆவதற்கு முன்பு ப்ரீப்ராசஸர் என்ற கட்டம் ஒன்று உண்டு. '#' குறியில் தொடங்கும் வரிகளைப் படித்து, மேக்ரோ பெயர்கள் இருக்கும் இடங்களில் அவற்றின் மதிப்பை மாற்றி வைப்பது அதன் வேலை. கம்பைலர் தன்னைப் பற்றிய செய்திகளை நிரலுக்குச் சொல்லும் வழியும் இதுதான். நாம் எதுவும் எழுதுவதற்கு முன்பே சில மேக்ரோக்களை அது வரையறுத்து வைத்திருக்கும். அவற்றின் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு அடிக்கோடுகளில் தொடங்கும். அப்படித் தொடங்கும் பெயர்களைத் தரநிலை கம்பைலருக்கும் நூலகத்துக்கும் (மொழியோடு வரும் ஆயத்தச் செயல்கூறுகளின் தொகுப்புக்கும்) என்று ஒதுக்கிவிட்டது; நாம் அவற்றை நம் மாறிகளுக்கு வைக்கக் கூடாது. 'லினக்ஸ்' என்ற பெயரில் அந்த அடிக்கோடுகள் இல்லை, அதனால்தான் அது நம் பெயரோடு மோதியது. ஜிசிசியிடம் '__லினக்ஸ்__' என்ற மேக்ரோவும் உண்டு. அது யாருக்கும் இடைஞ்சல் செய்வதில்லை.

இணக்கத்தைச் சொல்லும் முதல் மேக்ரோ, சி89 காலத்திலேயே வந்த '__எஸ்டிடிசி__'. ஸ்டாண்டர்ட் சி என்பதன் சுருக்கம் அது. தரநிலைக்கு இணங்கிய கம்பைலர் இதை 1 என்று வரையறுக்க வேண்டும். பழைய கம்பைலர்களில் இந்தப் பெயரே இருக்காது. எனவே 1989-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நிரல் எழுதியவர்கள் இதை வைத்துத்தான் புதிய முறையிலும் பழைய முறையிலும் ஒரே கோப்பில் எழுதினார்கள். மேக்ரோ இருந்தால் செயல்கூறின் (ஃபங்ஷனின்) அளவுருக்களுக்கு வகைகளைக் குறிப்பிட்டு அறிவிப்பது, இல்லாவிட்டால் வெறும் அடைப்புக்குறியோடு விடுவது என்று இரண்டையும் எழுதி வைத்த ஹெடர் கோப்புகளை (மற்றக் கோப்புகள் உள்ளே சேர்த்துக்கொள்ளும் அறிவிப்புக் கோப்புகளை) பழைய நிரல்களில் இன்றும் பார்க்கலாம்.

கேள்வியும் எளிது, பதிலும் எளிது. ஆனால் நடைமுறையில் அப்படி முடியவில்லை. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் சி கம்பைலர் தன் வழக்கமான நிலையில் '__எஸ்டிடிசி__' மேக்ரோவை 0 என்று வரையறுத்தது. கண்டிப்பாகத் தரநிலைப்படி மட்டும் நட என்று ஆப்ஷன் கொடுத்தால்தான் 1 ஆகும். 0 என்பதற்கு அவர்கள் வைத்த பொருள், 'தரநிலை சி எனக்குத் தெரியும், கூடவே என் சொந்த வசதிகளும் திறந்திருக்கின்றன' என்பது. இதனால் ஒரு சங்கடம் வந்தது. '#இஃப்டெஃப்' போட்டு, மேக்ரோ இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் ஆம் என்று பதில் வரும். '#இஃப்' போட்டு, அதன் மதிப்பு உண்மையா என்று கேட்டால் இல்லை என்று வரும். ஒரே கம்பைலர், ஒரே மேக்ரோ, கேட்கும் விதத்தைப் பொறுத்து இரண்டு பதில்கள். ஜிசிசி இதற்காகத் தனி ஏற்பாடே செய்ய வேண்டியிருந்தது. அத்தகைய கணினிகளில் அந்தக் கணினியின் ஹெடர் கோப்புகளைப் படிக்கும்போது அந்த வழக்கத்தையும், நம் கோப்புகளைப் படிக்கும்போது எப்போதும் 1 என்பதையும் அது கடைப்பிடிக்கிறது.

மைக்ரோசாஃப்ட்டின் கம்பைலர் வேறு வழியில் போனது. நீண்ட காலம், '/இசட்ஏ' என்ற கண்டிப்பான ஆப்ஷன் கொடுத்தால் மட்டுமே '__எஸ்டிடிசி__' அங்கே இருக்கும். இல்லாவிட்டால் பெயரே இருக்காது. விஷுவல் ஸ்டூடியோ 2022-இன் 17.2 பதிப்பிலிருந்துதான் சி11, சி17 ஆப்ஷன்களிலும் அது 1 ஆனது.

மூன்றும் தனித்தனி வழி. ஜிசிசி கூடுதல் வசதிகளைத் திறந்து வைத்துக்கொண்டே 1 என்கிறது. சன் 0 என்றது. மைக்ரோசாஃப்ட் சொல்லாமலே இருந்தது. இவற்றில் மைக்ரோசாஃப்ட்டின் மௌனத்தையே விதிக்கு மிக நெருக்கமானதாக நினைக்கிறேன். முழுமையாக இணங்காதபோது அந்தப் பெயரைச் சொல்லாமல் இருப்பதில் தவறில்லை. ஆனால் நடைமுறையில் உதவியது ஜிசிசியின் பதில்தான், ஏனென்றால் பெரும்பாலான நிரல்கள் கேட்க விரும்பியது 'சி89 வசதிகள் உன்னிடம் இருக்கின்றனவா' என்பதை மட்டுமே.

எந்த ஆண்டின் சி?

தரநிலை திருத்தப்படத் தொடங்கியதும் ஆம், இல்லை என்ற பதில் போதவில்லை. 1990-இன் தரநிலைக்கு 1995-இல் ஒரு திருத்தம் வந்தது. அதனோடு வந்ததுதான் '__எஸ்டிடிசி_வெர்ஷன்__'. அதன் மதிப்பு ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து எழுதிய ஓர் எண். அந்தத் திருத்தத்துக்கு 199409, சி99-க்கு 199901, சி11-க்கு 201112, சி17-க்கு 201710, சி23-க்கு 202311. ஒவ்வொன்றின் கடைசியிலும் 'எல்' என்ற எழுத்து ஒட்டியிருக்கும். அது 'லாங்' வகை முழு எண் என்பதற்கான குறி. 16 பிட் முழு எண்களில் இவ்வளவு பெரிய எண் அடங்காது என்பதால் அது தேவைப்பட்டது.

ஆண்டு முன்னால், மாதம் பின்னால் என்று வைத்திருப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. பின்னால் வந்த தரநிலையின் எண் எப்போதும் பெரியதாகவே இருக்கும். எனவே 'சமமா' என்று கேட்காமல் 'இதுவோ இதற்கு மேலோ' என்று கேட்கலாம்:

#இஃப் __எஸ்டிடிசி_வெர்ஷன்__ >= 199901எல்

இந்த மேக்ரோவே இல்லாத பழைய சி90 கம்பைலரில் இந்த வரி என்ன ஆகும்? பிழை வராது. '#இஃப்' வரியில் தெரியாத பெயர் வந்தால் அதை 0 என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது ப்ரீப்ராசஸரின் விதி. 0 என்பது 199901-ஐவிடச் சிறியது, எனவே பதில் 'இல்லை' என்று சரியாகவே கிடைக்கும். இந்த அடையாள முறை இத்தனை ஆண்டுகள் தாக்குப்பிடித்ததற்கு இந்தச் சிறிய விதிக்குப் பெரும் பங்கு உண்டு.

பதிப்பு எண் ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு வரிகளைக் காட்டலாம்:

இன்ட் ந = 4 //* குறிப்பு */ 2
;

குறிப்பு (காமென்ட்) என்பது கம்பைலர் படிக்காமல் விட்டுவிடும் பகுதி. சி90-இல் இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்பு கிடையாது. எனவே முதல் சாய்கோடு வகுத்தல் குறி. அடுத்த சாய்கோடும் நட்சத்திரமும் சேர்ந்து ஒரு குறிப்பின் தொடக்கம். குறிப்பை நீக்கினால் மிஞ்சுவது 4 / 2, விடை 2. சி99-இல் இரண்டு சாய்கோடுகள் வந்தாலே வரியின் மிச்சம் முழுவதும் குறிப்பு. மிஞ்சுவது 4 மட்டும். ஒரே எழுத்துகள், இரண்டுமே பிழையில்லாத நிரல்கள், விடைகள் வேறு. ஜிசிசியில் '-எஸ்டிடி=சி90' என்றும் '-எஸ்டிடி=சி99' என்றும் மாற்றி மாற்றிக் கொடுத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம்.

உங்கள் கம்பைலர் என்ன சொல்கிறது என்று நேரடியாகப் பார்க்கவும் வழி இருக்கிறது. ஜிசிசியிலும், கிளாங் என்ற இன்னொரு கம்பைலரிலும், சிறிய 'டி'யும் பெரிய 'எம்'மும் சேர்ந்த ஆப்ஷனையும் தனியாகப் பெரிய 'இ' என்ற ஆப்ஷனையும் கொடுத்து, வெறுமையான ஒரு சி கோப்பைக் காட்டுங்கள். முன்கூட்டி வரையறுத்த மேக்ரோக்கள் எல்லாம் சில நூறு வரிகளாகத் திரையில் ஓடும். அவற்றில் 'எஸ்டிடிசி' என்று தேடினால் சில வரிகள் அகப்படும்.

அங்கே பார்க்கும் எண், நீங்கள் ஆப்ஷன் எதுவும் கொடுக்காவிட்டால் கம்பைலரின் வயதைப் பொறுத்தது. ஜிசிசி நெடுங்காலம் சி90-ஐ அடிப்படையாகக் கொண்ட தன் சொந்தக் கிளைமொழியையே வழக்கமாக வைத்திருந்தது. 2015-இல் ஜிசிசி 5 வந்தபோது அது சி11-க்கும், 2018-இல் ஜிசிசி 8 வந்தபோது சி17-க்கும், 2025-இல் ஜிசிசி 15 வந்தபோது சி23-க்கும் மாறியது. கடைசி மாற்றம் பல பழைய நிரல்களைப் பாதித்தது. சி23-இல் 'பூல்' என்பது மொழியின் சொந்தச் சொல், அந்தப் பெயரில் நாமே ஒரு வகையை வரையறுத்திருந்தால் இப்போது பிழை. அதுபோல, செயல்கூறின் பெயருக்குப் பின்னால் வெற்று அடைப்புக்குறி போட்டால் முன்பு 'அளவுருக்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை' என்று பொருள். இப்போது 'அளவுரு எதுவும் இல்லை' என்று பொருள். எனவே ஆப்ஷனைக் குறிப்பிடாமல் கம்பைல் செய்வது, எந்த மொழியில் எழுதியிருக்கிறோம் என்பதையே அடுத்தவர் கணினியின் முடிவுக்கு விட்டுவிடுவதாகும். கல்லூரிப் பாடங்களில் இதை முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

எண் சொல்வது இலக்கு

நகைக்கடைக்காரர் 'இது 22 காரட்' என்று வாயால் சொல்வதற்கும், நகையின் மீது ஹால்மார்க் முத்திரை இருப்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குத் தெரியும். முத்திரைக்குப் பின்னால் கடைக்காரர் அல்லாத ஒருவர் செய்த சோதனை இருக்கிறது. கம்பைலரின் எண் முதல் வகையைச் சேர்ந்தது. அதை எழுதி வைப்பவர்கள் கம்பைலரை உருவாக்கியவர்களே.

இதனால் கம்பைலர் எழுதுபவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் முன்னால் இருப்பது உண்மையான சிக்கல். ஒரு தரநிலையின் வசதிகள் நூற்றுக்கு மேல் இருக்கும். அவை ஒரே நாளில் கம்பைலருக்குள் வருவதில்லை. பாதி வந்திருக்கும்போது எந்த எண்ணைச் சொல்வது? ஜிசிசி, '-எஸ்டிடி=சி99' என்ற ஆப்ஷன் கொடுத்தால், சி99-இன் பல பகுதிகள் வராத காலத்திலேயே 199901 என்றுதான் சொன்னது. இன்றும் அதன் கையேடு, சி99 பெரும்பாலும் முழுமை, மிதவைப்புள்ளி எண்கள் (தசமப் புள்ளி கொண்ட எண்கள்) தொடர்பாகச் சில குறைகள் உண்டு என்றே குறிப்பிடுகிறது. எனவே அந்த எண்ணை 'இந்த ஆண்டின் விதிகளை நோக்கி நடக்கிறேன்' என்று படிப்பதே சரி.

சி பிளஸ்பிளஸில் இதே சிக்கல் எதிர்த்திசையில் வந்தது. அங்கே அடையாளம் '__சிபிளஸ்பிளஸ்' என்ற மேக்ரோ. சி பிளஸ்பிளஸ்98-க்கு 199711, 11-க்கு 201103, 14-க்கு 201402, 17-க்கு 201703, 20-க்கு 202002, 23-க்கு 202302. முழுமையாக இணங்காத கம்பைலர்கள் ஐந்து இலக்கத்துக்கு மிகாத எண்ணைச் சொல்ல வேண்டும் என்று 98-இன் ஆவணம் ஓர் அடிக்குறிப்பில் கேட்டுக்கொண்டது. அழகான யோசனை அது. ஆறு இலக்கம் என்றால் முழு வாக்கு, அதற்குக் குறைந்தால் 'இன்னும் முடியவில்லை' என்ற ஒப்புதல். ஜிசிசி அந்த மேக்ரோவை 1 என்றே வைத்திருந்தது. 2012-இல் 4.7 பதிப்பு வந்தபோதுதான் ஆறு இலக்கத்துக்கு மாறியது.

மைக்ரோசாஃப்ட் கம்பைலர் இன்னும் விசித்திரம். சி பிளஸ்பிளஸ்17, 20 என்று புதிய வசதிகளை எல்லாம் கொண்டுவந்த பிறகும், வழக்கமான நிலையில் '__சிபிளஸ்பிளஸ்' அங்கே 199711 என்றுதான் இருக்கிறது. உண்மையைவிடக் குறைத்துச் சொல்லக் காரணம், அந்தப் பழைய எண்ணையே நம்பி எழுதப்பட்ட நிரல்கள் ஏராளமாக இருப்பதுதான். எண்ணை மாற்றினால் அவை உடையும். எனவே விஷுவல் ஸ்டூடியோ 2017-இன் 15.7 பதிப்பில் '/இசட்சி:__சிபிளஸ்பிளஸ்' என்று ஓர் ஆப்ஷன் கொடுத்தார்கள். அதைப் போட்டால் உண்மையான எண் கிடைக்கும். போடாதவர்களுக்கு '_எம்எஸ்விசி_லாங்' என்ற வேறொரு மேக்ரோவில் அந்த எண் இருக்கிறது. விண்டோஸில் 'என் கம்பைலர் இவ்வளவு பழையதா' என்று திகைக்கும் மாணவர்கள் பலர் இந்த 199711-ஐப் பார்த்துத்தான் திகைக்கிறார்கள்.

விட்டுவிட உரிமை உள்ள பகுதிகள்

சி11 ஒரு முக்கியமான மாற்றத்தைச் செய்தது. சி99-இல் கட்டாயமாக இருந்த சிலவற்றையும், தான் புதிதாகக் கொண்டுவந்த சிலவற்றையும் விருப்பப் பகுதிகளாக ஆக்கியது. ஓடும் நேரத்தில் நீளம் முடிவாகும் அணிகள், கலப்பெண்கள், த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒருங்கே ஓடும் பல வேலைகள்), அணுச் செயல்கள் (இடையில் வேறு வேலை குறுக்கிட முடியாத செயல்கள்) ஆகிய நான்கும் இல்லாமலே ஒரு கம்பைலர் சி11-க்கு முழுமையாக இணங்கியதாக இருக்கலாம். ஆனால் இல்லாததை அது அறிவித்தாக வேண்டும்: '__எஸ்டிடிசி_நோ_விஎல்ஏ__', '__எஸ்டிடிசி_நோ_காம்ப்ளக்ஸ்__', '__எஸ்டிடிசி_நோ_த்ரெட்ஸ்__', '__எஸ்டிடிசி_நோ_அடாமிக்ஸ்__'. மேக்ரோ இருந்தால் வசதி இல்லை, மேக்ரோ இல்லாவிட்டால் வசதி இருக்கிறது. திசை தலைகீழாக இருப்பதைக் கவனியுங்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலர் 2020 முதல் சி11, சி17 என்ற எண்களைச் சொல்ல முடிந்ததற்கு இந்த ஏற்பாடு உதவியது. மாறும் நீள அணிகள் அதில் இல்லை, 'நோ விஎல்ஏ' மேக்ரோ இருக்கிறது.

இங்கே இன்னொரு கேள்வியும் எழுகிறது. வாக்குக் கொடுப்பது யார்? தரநிலை 'கம்பைலர்' என்று பேசுவதில்லை. கம்பைலரும் நூலகமும் சேர்ந்த முழு ஏற்பாட்டையே அது ஒன்றாகப் பார்க்கிறது. லினக்ஸில் அவை இரண்டும் தனித்தனிக் குழுக்களின் வேலை: கம்பைலர் ஜிசிசியுடையது, நூலகம் ஜிலிப்சியுடையது. த்ரெட் வசதி நூலகத்தில் இருக்க வேண்டியது. அது இருக்கிறதா இல்லையா என்று கம்பைலருக்கு எப்படித் தெரியும்? இதற்காக ஜிசிசி, நம் கோப்பைப் படிப்பதற்கு முன்பே நூலகம் தரும் ஒரு சிறிய ஹெடர் கோப்பைத் தானாகப் படித்துக்கொள்கிறது. ஜிலிப்சி அந்தக் கோப்பில் '__எஸ்டிடிசி_நோ_த்ரெட்ஸ்__' என்று எழுதி வைத்திருந்தது. 2018-இல் வந்த 2.28 பதிப்பில் த்ரெட் வசதியைச் சேர்த்ததும் அந்த வரியை நீக்கியது. கம்பைலர் மாறாமலே வாக்கு மாறியது.

அதே கோப்பில் '__எஸ்டிடிசி_ஐஇசி_559__' என்ற இன்னொரு வாக்கும் உண்டு. மிதவைப்புள்ளிக் கணக்குகள் ஐஇஇஇ 754 என்ற தரத்தின்படி நடக்கும் என்பது அதன் பொருள். வேகத்துக்காக '-எஃப்ஃபாஸ்ட்-மேத்' என்ற ஆப்ஷனைக் கொடுத்தால், ஜிசிசி கணக்குகளின் வரிசையை மாற்றவும் சில விதிகளைத் தளர்த்தவும் தொடங்கும். அந்தக் கணமே இந்த மேக்ரோவும் மறைந்துவிடும். வாக்கைக் காப்பாற்ற முடியாதபோது அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறது. இப்படித்தான் எல்லா அடையாளங்களும் நடந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சி99-இல் வந்த '__எஸ்டிடிசி_ஹோஸ்டட்__' பற்றி ஒரு வார்த்தை. இயங்குதளம், முழு நூலகம் எல்லாம் இருக்கும் கணினியில் இது 1. மைக்ரோகன்ட்ரோலர் போன்ற, நூலகம் முழுதாக இல்லாத இடங்களில் 0. அங்கே, எழுத்துகளை வெளியிடும் 'பிரின்ட்எஃப்' செயல்கூறு இல்லையென்று குறை சொல்ல முடியாது. தரநிலையே அதைக் கேட்கவில்லை.

ஆண்டைக் கேட்காமல் வசதியைக் கேட்பது

ஆண்டு எண் இலக்கை மட்டுமே சொல்லும் என்றால், குறிப்பிட்ட ஒரு வசதி வேண்டுபவர் என்ன செய்வது? நீண்ட காலம் நிரலாளர்கள் கம்பைலரின் பெயரையும் பதிப்பையும் கேட்டார்கள். 'ஜிசிசியா, இந்தப் பதிப்புக்கு மேலா' என்று கேட்டு முடிவு செய்தார்கள். இதன் விளைவு, பிறகு வந்த கிளாங் கம்பைலர் அந்த நிரல்களை எல்லாம் ஏற்பதற்காகத் தன்னை ஜிசிசி 4.2.1 என்று சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. இன்றைய கிளாங்கும் அந்த எண்ணைத்தான் சொல்கிறது. தவறான கேள்வியைப் பலர் கேட்டால் சரியான பதில் சொல்ல வழியில்லாமல் போகும்.

சி பிளஸ்பிளஸ் குழு இதற்கு நல்ல தீர்வு கண்டது. ஒவ்வொரு வசதிக்கும் தனி மேக்ரோ, ஒவ்வொன்றுக்கும் தனி ஆண்டு-மாத எண். கம்பைல் நேரத்திலேயே கணக்கை முடிக்க உதவும் 'கான்ஸ்ட்எக்ஸ்பர்' வசதியை எடுத்துக்கொள்வோம். '__சிபிபி_கான்ஸ்ட்எக்ஸ்பர்' என்பதன் மதிப்பு 200704 என்றால் சி பிளஸ்பிளஸ்11-இன் குறுகிய வடிவம் இருக்கிறது. 201304 என்றால் சுற்றுகள், மாறிகள் எல்லாம் எழுத இடம்தரும் 14-இன் வடிவம் இருக்கிறது. இந்த மேக்ரோக்கள் முதலில் ஒரு பரிந்துரையாக மட்டும் இருந்தன. சி பிளஸ்பிளஸ்20-இல் தரநிலைக்குள்ளேயே வந்துவிட்டன. ஒரு ஹெடர் கோப்பு இருக்கிறதா என்று கேட்க உதவும் '__ஹேஸ்_இன்க்ளூட்' சி பிளஸ்பிளஸ்17-இலும், பிறகு சி23-இலும் சேர்ந்தது.

இதையும் கம்பைலர்தான் சொல்கிறது, உண்மைதான். ஆனால் சிறிய கேள்விக்குப் பதில் தவறாகும் வாய்ப்பு குறைவு. 'நீ நல்லவனா' என்று கேட்பதைவிட 'உனக்கு இந்த வேலை தெரியுமா' என்று கேட்டால் பயனுள்ள பதில் கிடைக்கும். இதிலும் நம்பிக்கை இல்லாதவர்களுக்கு, சிறிய சோதனை நிரல் ஒன்றை உண்மையிலேயே கம்பைல் செய்து பார்க்கும் ஆட்டோகான்ஃப் போன்ற கருவிகள் பல ஆண்டுகளாக இருக்கின்றன.

வெளியாள் சோதித்துச் சான்று தரும் வழக்கமும் கணினி உலகில் இருந்திருக்கிறது. அமெரிக்கக் கடற்படையில் கிரேஸ் ஹாப்பர், கோபால் என்ற நிரல்மொழியின் கம்பைலர்களைச் சோதிக்கும் நிரல் தொகுப்புகளை உருவாக்கும் பணியை நடத்தினார். அடா மொழிக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு சோதனைத் தொகுப்பை வைத்து, அதில் தேறிய கம்பைலர்களுக்கு, எந்தக் கணினியில் தேறியது என்பதையும் குறிப்பிட்டுச் சான்றிதழ் வழங்க ஏற்பாடு செய்தது. சி மொழிக்கு பிளம் ஹால், பெரெனியல் போன்ற நிறுவனங்கள் விலைக்குத் தரும் சோதனைத் தொகுப்புகள் உண்டு. கார், மருத்துவக் கருவி போன்றவற்றுக்கு நிரல் எழுதும் இடங்களில் இத்தகைய சோதனைகளுக்கு மதிப்பு அதிகம். நம் மேசைமீது இருக்கும் கம்பைலரைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அதன் வாக்கு மட்டும்தான் நம்மிடம் இருக்கிறது.

அந்த வாக்கைச் சரியாகப் பயன்படுத்த, புதிதாக எழுதுபவர் இரண்டு வேலைகளைச் செய்தால் போதும். முதலில், எந்த ஆண்டின் மொழி என்பதை எப்போதும் ஆப்ஷனில் குறிப்பிடுங்கள். கூடவே '-பெடான்டிக்' ஆப்ஷனையும் கொடுங்கள். ஜிசிசியின் சொந்த வசதிகளை அறியாமல் பயன்படுத்தினால், தரநிலை கேட்கும் செய்திகள் எல்லாம் அப்போதுதான் வரும். அவற்றைப் பிழைகளாகவே நிறுத்தச் சொல்ல '-பெடான்டிக்-எர்ரர்ஸ்' இருக்கிறது. ஆனால் தரநிலை செய்தி கேட்காத தவறுகளை இது கண்டுபிடிக்காது. நினைவகத்தில் எல்லை தாண்டி எழுதுவது போன்றவை இதன் கண்ணில் படாது.

இரண்டாவது, உங்கள் நிரலுக்கு எது தேவை என்பதைக் கோப்பின் தலையிலேயே, மற்ற ஹெடர் கோப்புகளை அழைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள்:

#இஃப் __எஸ்டிடிசி_வெர்ஷன்__ < 201112எல்
#எர்ரர் "இந்த நிரலுக்கு சி11 அல்லது அதற்குப் பிந்தைய நிலை தேவை"
#எண்டிஃப்

பழைய கம்பைலரில் மேக்ரோவே இல்லாவிட்டாலும் 0 என்று கணக்காகி இந்த வரி வேலை செய்யும். விதிமீறல்களுக்கு ஒரு செய்தி போதும் என்று விட்டுவிடும் தரநிலை, சி99 முதல் '#எர்ரர்' வரிக்கு மட்டும் அந்தச் சலுகையைத் தருவதில்லை. அந்த வரியை எட்டிய கம்பைலர், நிரலை மொழிபெயர்க்க மறுத்தே ஆக வேண்டும்.